பாம்பன் தீவில் கரைப் பாதுகாப்புத் திட்டம்: ஊர்க்கூட்டத்தில் பேச்சை எங்கே ஆரம்பிப்பது?

தென்கடல்_மலர் கேட்டது:

வணக்கம். பாம்பனை ஒட்டிய ஊர் எனக்கு. நவம்பர் 1 கிராம சபையில் எங்கள் கரைக்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டம் வைக்கலாம் என்று பேச்சு. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு ஏற்கெனவே வரைபடம் போட்டுக் கொடுத்துப் போயிருக்கிறது. பவளப்பாறை சிவப்பு, கடல்புல் பச்சை, மீன்பிடி இடம் நீலம். சிவப்பில் யாரும் இறங்கக் கூடாதாம். அந்தச் சிவப்பில்தான் என் சித்தி கடல்பாசி எடுக்கிறார்.

முதல் கூட்டத்தில் வரைபடத்தை விரித்ததுமே விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் மோதிக்கொண்டார்கள். பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரைவலை_ராசு:

மலர், மண்டபம் பக்கம் ஊர்க்குழுக்களோடு பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வை. அது தப்பு என்று சொல்லவில்லை, அதை முதலில் விரித்ததுதான் வினை.

வரைபடத்தில் காற்று இருக்கிறதா பார். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடித்தால் தென்கடலான மன்னார் வளைகுடாவில் தொழில் கிடையாது, சனம் வடகடலான பாக் விரிகுடா பக்கம் போகும். வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் தலைகீழ். ஒரே இடம் நாலு மாதம் ஒருவருக்கும் அடுத்த நாலு மாதம் இன்னொருவருக்கும் பிழைப்பாக இருக்கும்போது, அதற்கு ஒரே நிறம் அடித்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? மாதம் போட்டு எழுதுங்கள். எந்த மாதம், எந்தக் கரை, எந்த வலை, யார்.

அப்புறம், புதுச் சட்டம் போடுவதற்கு முன்னால் ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டுப்பாடுகளை எழுதுங்கள். உன் சித்தியிடமே ஆரம்பிக்கலாம். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள், மாதம் பன்னிரண்டு நாள்தான் பாசிக்கு இறங்குவது என்பது அந்தப் பெண்கள் தாங்களாகப் பேசி வைத்துக்கொண்டது. இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது என்பதும் அப்படித்தான். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து இறங்கி, அடி பாறையிலேயே நிற்க மேலே இருப்பதை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். அடி நின்றால்தான் மறுபடி தளிர்க்கும். சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்ததே, அது இந்தப் பெண்களைத் திரட்டிப் பாசியையும் பிழைப்பையும் காப்பாற்றியதற்குத்தான். இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர்களை வாசலில் நிற்கவைத்துவிட்டு என்ன பாதுகாப்புத் திட்டம்?

வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற ஏற்பாடும் பழைய மோதல்களுக்குப் பிறகு வந்ததுதான். மீறுகிறவர்கள் உண்டு. ஆனால் மீறல் என்று எல்லாருக்கும் தெரிகிறதல்லவா, அதுதான் ஊரில் அந்த விதி உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

இன்னொன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் உங்கள் கிராம சபைத் தீர்மானம் செல்லாது. கரை, பாசி காயவைக்கும் திட்டு, சாக்கடை கடலில் விழும் இடம், அறுந்த வலைகளைப் போடும் இடம், இவையெல்லாம் உங்கள் கைக்குள் இருக்கின்றன. முதல் திட்டத்தை அங்கே போடுங்கள். பூங்கா எல்லையைப் பற்றி வனத்துறையிடம் தனியாகப் பேசலாம். பேசப் போகும்போது கையில் மாதக் கணக்கோடு போனால் மரியாதை கிடைக்கும்.

வள்ளம்78:

அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் காவல் யார்? டீசல் யார் போடுவது? நானும் நிறையக் கமிட்டி பார்த்துவிட்டேன். திட்டப் பணம் இருக்கும்வரை டீ, வடை, கையெழுத்து. பணம் நின்றதும் பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கும்.

வெளியிலிருந்து வரும் யோசனையையும் சும்மா விடாதீர்கள். வருமானம் என்று சொல்லித்தான் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை இங்கே கொண்டுவந்தார்கள். 2005இல் அரசாணை போட்டு, வளர்ப்பதென்றால் வடகடல் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் என்றார்கள். ஆனாலும் பூங்காவுக்குள் இருக்கும் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் அது போர்த்திக்கொண்டு படர்ந்தது. நட்டுப் பிழைத்த குடும்பங்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. குருசடையில் படர்ந்ததை யார் பிடுங்குவது என்று அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

கப்பல்காரன்:

வள்ளம் அண்ணன் கேட்ட காவலுக்கு ஒரு பதில். பிலிப்பைன்ஸில் அப்போ என்று ஒரு தீவு, ஒரு சதுர கிலோமீட்டர்கூட இருக்காது. டைனமைட்டும் பொடிக்கண் வலையும் போட்டு மீனைத் தீர்த்துவிட்டார்கள். சில்லிமான் பல்கலைக்கழகத்து ஏஞ்சல் அல்கலாவும் அவருடைய ஆட்களும் ஊரோடு பேசிப் பேசி, 1982இல் கரையோரம் சுமார் 450 மீட்டரை மட்டும் மீன் பிடிக்காத இடமாக விட்டார்கள். எங்கே விடுவது என்று முடிவெடுத்தது ஊர்க்காரர்கள். காவலும் அவர்களே. வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம், டீசலே வேண்டாம். பிற்பாடு முக்குளிக்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள்.

அதே ஆட்கள் அதற்கு முன்பே, 1974இல், பக்கத்து சுமிலோன் தீவில் இதைச் செய்தார்கள். அங்கே உள்ளூர் நிர்வாகம் மனம் ஒப்பவில்லை. ஆட்சி மாறியதும் திறந்துவிட்டார்கள், பிடிப்பு பாதியாக விழுந்தது.

அப்போவிலும் எல்லாம் சுகமில்லை. 2011, 2012 புயல்களில் அந்தக் காப்பிடத்துப் பவளம் நொறுங்கிப்போனது. புயலுக்கு ஊர்க்கட்டுப்பாடு தெரியாது.

தென்கடல்_மலர்:

மூவருக்கும் நன்றி. சித்தியிடம் கேட்டேன். போன கூட்டம் பௌர்ணமிக்கு மறுநாளாம், பாதிப் பேர் தண்ணீரிலிருந்து நேராக ஈரத்தோடு வந்திருக்கிறார்கள். எனக்கு இது தோன்றவே இல்லை.

கரைவலை_ராசு:

அஷ்டமி பக்கம் வை மலர், நீர் வற்றாது, பாசிக்குப் போகமாட்டார்கள். அஷ்டமியில் எதையும் தொடங்கக் கூடாது என்று யாராவது சொன்னால் இரண்டு நாள் தள்ளிக்கொள். ஊராட்சி அலுவலகம் வேண்டாம், பாசி காயும் திட்டில் வெயில் தாழ்ந்ததும் உட்காருங்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை வானொலியில் ஒரு வார்த்தை சொல்லச் சொல், பக்கத்து ஊர்ப் பெண்களும் வருவார்கள்.

வள்ளம்78:

வடை மட்டும் இருக்கட்டும் தங்கச்சி. அது இல்லாமல் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள்.