பொருள்: திரை உறைவதற்கும் இயக்கி (டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள்) விழுவதற்கும் ஒரே சொல் போதுமா?

> ஹேங், ஃப்ரீஸ், கிராஷ் மூன்றுக்கும் 'செயலிழப்பு' என்றே வைத்துவிடலாம். பயனருக்கு இந்த நுணுக்கம் தேவைப்படாது.

ஐயா, வணக்கம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. வரைகலை அட்டை (கிராஃபிக்ஸ் கார்டு) சிக்கல்களுக்கான உதவிப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அங்கே பயனர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த நுணுக்கத்தைப் பொறுத்திருக்கிறது.

விளையாட்டின் நடுவே படம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் ஒலி கேட்கிறது, கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறது. அப்படியானால் பெரும்பாலும் வரைகலைப் பகுதிதான் சிக்கியிருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு ஆங்கில 'B'யை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம், திரை மீளக்கூடும். விளக்கும் அசையவில்லையென்றால் முழுக் கணினியும் நின்றிருக்கிறது. சூடு, மின்வழங்கி, நினைவகம் என்று தேடவேண்டியதுதான். இன்னொன்று, திரை ஒரு கணம் கறுத்துத் தானே திரும்புவது. அட்டை 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் இயக்கியை மீட்டமைக்கும் ஏற்பாடு விஸ்டாவிலிருந்தே விண்டோஸில் இருக்கிறது. நிகழ்வுப் பதிவில் 4101 என்ற எண்ணில் அது தெரியும். எல்லாவற்றையும் 'செயலிழப்பு' என்று எழுதிவிட்டால் படிப்பவர் எந்த வழியில் போவார்?

'சிறுநீரகச் செயலிழப்பு' என்கிறோம். மீளாத, அல்லது எளிதில் மீளாத நிலை அது. அட்டையே பழுதாகிப்போனால் சொல்ல அந்தச் சொல்லை ஒதுக்கிவைப்போம்.

முன்பு ஒருவர் சொன்ன 'முடக்கம்' நல்ல சொல்தான். ஆனால் சாதன மேலாளரில் (டிவைஸ் மேனேஜர்) டிஸேபிளுக்கு 'முடக்கு' என்றல்லவா எழுதுகிறோம்? 'இயக்கி முடங்கியது' என்று கண்டால், தானே எதையோ அழுத்தி நிறுத்திவிட்டோமோ என்று பயனர் பதறுவார். ஹேங்குக்கு நேராகத் 'தொங்கல்' வேண்டவே வேண்டாம். 'காரியம் தொங்கலில் நிற்கிறது' என்றால் முடிவு தெரியவில்லை என்று பொருள்.

என் பரிந்துரை, ஃப்ரீஸுக்கு 'உறைவு'. அச்சத்தில் உறைந்துபோனவர் அசையமாட்டார், உயிர் இருக்கும். திரை மட்டும் நின்றால் 'திரை உறைவு', எல்லாம் நின்றால் 'கணினி உறைவு'. 'திரையுறை' என்று சுருக்கினால் திரைக்கு மாட்டும் உறையாகிவிடும்.

இயக்கியின் கிராஷுக்கு 'வீழ்வு'. 'வீழ்ச்சி' விலைக்கும் பேரரசுக்கும் பழகிவிட்டது. செய்தி வரியில் 'காட்சி இயக்கி விழுந்து, மீண்டது' என்று எழுதலாம்.

---

> இயக்கியின் கிராஷுக்கு 'வீழ்வு'.

வணக்கம் நண்பரே. 'செயலிழப்பு' பற்றி நீங்கள் சொன்னது சரி, என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். 'உறைவு' எனக்குப் பிடித்திருக்கிறது. 'வீழ்வு' பற்றித்தான் ஒரு தயக்கம்: வினையில் 'விழுந்தது', பெயரில் 'வீழ்வு' என்று எழுதினால், பதிவில் தேடுபவருக்கு ஒன்று கிடைத்து மற்றொன்று தப்பிவிடும். 'விழுகை' என்றால் வினையும் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குமே?