டயாலிசிஸ் முடிந்ததும் புரோட்டியேஸ் வேலை செய்வதில்லை

மூன்று வாரமாக இதே இடத்தில் நிற்கிறேன். இமாச்சலின் மணிகரன் வெந்நீர் ஊற்றுச் சேற்றிலிருந்து பிரித்த ஜியோபேசில்லஸ் என்ற வெப்பம் விரும்பும் பாக்டீரியா இது. புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டியேஸை வெளியிடுகிறது. 60 டிகிரியில் பால் அகார் தட்டில் விரல் அகலத்துக்குத் தெளிந்த வளையம் போடுகிறது. வளர்ப்பை வடித்த நீர் 70 டிகிரியிலும் பால் புரதமான கேசினை நன்றாகச் செரிக்கிறது. அம்மோனியம் சல்பேட்டில் நொதியை வீழ்படிவாக்கி, உப்பை நீக்கச் சவ்வுப் பையில் போட்டு 4 டிகிரியில் ஓர் இரவு டயாலிசிஸ் செய்தால், காலையில் ஒன்றுமே இல்லை.

உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்தால் நொதி நின்றுவிடுகிறது, செரின் வகைப் புரோட்டியேஸ்களைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் எதுவும் செய்யவில்லை. அப்படியென்றால் தெர்மோலைசின் போன்ற உலோகப் புரோட்டியேஸ்தான். தெர்மோலைசினில் ஒரு துத்தநாகமும் நான்கு கால்சியமும் இருக்கும்; டயாலிசிஸில் இவை வெளியேறிவிடுகின்றனவோ என்று சந்தேகம். முதலில் வைத்த பாஸ்பேட் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) கால்சியம் வெள்ளையாக அடியில் படிந்தது. ட்ரிஸ், பிஎச் 8-க்கு மாறி, 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்தேன். பையையும் மாற்றினேன். அப்புறமும் அதே கதைதான்.

துத்தநாகம் கூடினால் நொதியையே தடுக்கும் என்று தயங்குகிறேன். டயாலிசிஸ் பஃபரில் அதை எவ்வளவு சேர்க்கிறீர்கள்?