கெட்டென்ட்ஸ் சிஸ்டம் கால்: எல்லாப் பெயரிலும் முதல் எழுத்தைக் காணோம்

வெற்றுச்சுட்டி:
லினக்ஸ், எக்ஸ்86-64. ஒரு டைரக்டரியில் லட்சக்கணக்கில் கோப்புகள். சி நூலகத்தின் ரீட்டிர் வேண்டாம், பஃபரின் அளவை நானே முடிவு செய்யலாம் என்று, டைரக்டரியில் உள்ளவற்றின் பட்டியலைக் கர்னலிடமே கேட்கும் கெட்டென்ட்ஸ் சிஸ்டம் காலை நேரடியாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அது தரும் ஒவ்வொரு பதிவின் அமைப்பான லினக்ஸ்_டைரென்ட்64 ஸ்ட்ரக்ட்டை மேனுவலைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டேன். சோதனைக்காக ஒரு சின்ன டைரக்டரியில் ஓட்டினால் வருவது இது:

நீளம் 24, வகை 46, பெயர் []
நீளம் 24, வகை 46, பெயர் [.]
நீளம் 24, வகை 50, பெயர் [019]
நீளம் 24, வகை 50, பெயர் [020]
நீளம் 40, வகை 224, பெயர் [��ணக்கு]

உள்ளே இருப்பவை 2019, 2020 என்று இரண்டு டைரக்டரிகள், கணக்கு என்று ஒரு கோப்பு, அவ்வளவுதான். பெயருக்கான டி_நேம் முகவரியில் ஒன்றைக் கழித்தால் பெயர் சரியாக வந்துவிடுகிறது. ஆனால் ஏன் என்று புரியாமல் கழிக்க மனசு வரவில்லை. வகை எண்ணும் குப்பை.

பைட்பொறுக்கி:
ஸ்ட்ரக்ட்டில் பேடிங், அதாவது கம்பைலர் இடையில் செருகும் வெற்று பைட், விழுந்திருக்கும். அதைத் தடுக்க பேக்டு போட்டுப் பாருங்கள்.

வெற்றுச்சுட்டி:
போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

நடுநிசி நிரலர்:
பேடிங் இல்லை. உங்கள் வகை எண்களையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 46 என்பது ஆஸ்கியில் புள்ளி. 50 என்பது '2'. 224, அதாவது பதினாறடிமானத்தில் இ0. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் அதுதான். காணாமல் போன முதல் பைட் எங்கேயும் போகவில்லை, வகைக்கான டி_டைப் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'க'வின் மூன்று பைட்டில் ஒன்று போனதால்தான் மீதி இரண்டும் உடைந்த கட்டமாகத் தெரிகின்றன.

நீங்கள் கூப்பிடுவது எஸ்ஒய்எஸ்_கெட்டென்ட்ஸ், எண் 78தானே? ஸ்ட்ரக்ட் மட்டும் புதிய கெட்டென்ட்ஸ்64க்கு உரியது. பழைய காலில் ஐநோடு எண் 8 பைட், டி_ஆஃப் 8, பதிவின் நீளமான டி_ரெக்லென் 2, உடனே 18ஆம் ஆஃப்செட்டில் பெயர். புதியதில் 18இல் வகை, 19இல் பெயர். பழைய ஸ்ட்ரக்ட்டில் வகைக்கு இடமே கிடையாது, பிறகு 2.6.4 கர்னலில், பழைய நிரல்கள் உடையாமல் இருக்க, பதிவின் கடைசி பைட்டில் செருகிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, 64-பிட்டில் இரண்டிலும் பதிவின் நீளம் ஒன்றாகவே வரும். அதனால் லூப் தடுமாறாமல் கடைசிவரை போய்விடும். எங்காவது விழுந்திருந்தால் நீங்களே உடனே கண்டுபிடித்திருப்பீர்கள்.

எண்ணை 217 ஆக்குங்கள். இல்லை, உங்கள் சி நூலகம் ஜிலிப்சி 2.30 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் கெட்டென்ட்ஸ்64 என்றே நேராகக் கூப்பிடலாம். ஒன்றைக் கழிக்கும் வித்தையை மட்டும் கோடில் விட்டுவைக்காதீர்கள், சிஸ்டம் காலை மாற்றிய அன்றைக்கே கடிக்கும்.

வெற்றுச்சுட்டி:
78 தான்! ஸ்ட்ரக்ட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன், கூப்பிடும் வரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது டைரக்டரிக்கு 4, கோப்புக்கு 8, கணக்கு என்ற பெயரும் முழுசாக வருகிறது.

அப்புறம் இன்னொன்று. ஒரு பழைய டிஸ்க்கில் ஓட்டினால் பெயரெல்லாம் சரி, வகை மட்டும் எல்லாவற்றுக்கும் 0. டி_ஆஃப் மதிப்பும் தாறுமாறாக இருக்கிறது, பெரிய பெரிய எண்கள்.

நடுநிசி நிரலர்:
0 என்றால் டிடி_அன்னோன். வகையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கோப்பு முறைமைக்குக் கட்டாயம் இல்லை. எக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் சொல்லும்; எஃப்டைப்=0 என்று ஃபார்மேட் செய்த எக்ஸ்எஃப்எஸ் சொல்லாது. 0 வந்தால் மட்டும், கோப்பின் விவரங்களைத் தரும் எஃப்ஸ்டாட்அட் கூப்பிடுங்கள். திறந்த டைரக்டரியைக் குறிக்கும் எண்ணான எஃப்டி கையிலேயே இருக்கிறது, அதையே கொடுக்கலாம். சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்ற கொடியையும் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஸ்டாட் அடித்தால் லட்சம் கோப்புக்கு லட்சம் கால். ரீட்டிரை விட்டு வந்த பலனே போய்விடும்.

டி_ஆஃப் பைட் கணக்கு இல்லை. அது கோப்பு முறைமை தனக்காக வைத்துக்கொள்ளும் அடையாளம். எக்ஸ்டி4இல் ஹேஷிலிருந்து வரும். கூட்டிக் கழிக்காதீர்கள். அடுத்த பதிவுக்கு நகர டி_ரெக்லென் மட்டும்தான்.

பைட்பொறுக்கி:
பேக்டு சொன்னது என் தவறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: 0 திரும்பும்வரை காலைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறீர்களா? சின்ன டைரக்டரியில் ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடும், பிழை தெரியாது.

வெற்றுச்சுட்டி:
ஐயோ, இல்லை. ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறேன். திருத்திவிட்டு பெரிய டைரக்டரியில் ஓட்டுகிறேன்.