சத்தம் கூட்டினால் ட்வீட்டர் (ஸ்பீக்கர் பெட்டியில் கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர்) தாங்குமா? உதவி தேவை

வணக்கம். தீபாவளி விருந்துக்கு சிங்கப்பூரில் நாலறை வீவக (அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் பாட்டு ஓடும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 8 ஓமில் 40 வாட். ஸ்பீக்கர் ஜோடி ஒவ்வொன்றும் 100 வாட் வரை தாங்கும், 1 வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபெல் தரும். ஸ்பீக்கர்தான் பெரிசு, பயமில்லை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆம்ப் திணறினால் அலையின் முகடு வெட்டுப்படும். சராசரி வாட் ஏறி, ட்வீட்டருக்குப் போகும் பங்கும் கூடும். அதன் மெல்லிய கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். 3 டெசிபெல் கூட்ட இரட்டிப்பு வாட், 10 டெசிபெலுக்குப் பத்து மடங்கு வேண்டும். 40 வாட்டில் கிடைப்பது ஒரு மீட்டரில் சுமார் 102 டெசிபெல்தான். கூட்டத்தில் பேச்சு ஏற ஏற யாராவது சத்தக் குமிழைத் திருகத்தான் செய்வார்கள்.

யோசித்த வழி: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, உச்ச அளவில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் 17.9 வரும் இடத்தில் குமிழில் டேப் ஒட்டுவது. 8 ஓமில் 40 வாட் என்றால் அதுதான் கணக்கு. பேஸ், ட்ரெபிள் இரண்டும் நடுவில். பேஸை 6 டெசிபெல் ஏற்றினாலே அங்கே நாலு மடங்கு வாட் போகும்.

ஆனால் இந்த ஸ்பீக்கரின் மின்தடை சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கு இறங்குகிறது. பளு ஏறினால் ஆம்ப் 17.9க்கு முன்பே வெட்டுமே. எத்தனை வோல்ட் குறைத்து வைக்கலாம்? ஆசிலோஸ்கோப் (அலை வடிவத்தைக் காட்டும் கருவி) வைத்துப் பளுவோடு பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சிம் லிம் ஸ்குவேர் பக்கம் அளந்து தரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.