அப்பா நினைவாக ஒரு லட்சம் கொடுக்கப்போகிறேன், 80ஜி-யில் எவ்வளவு வரி மிஞ்சும்?

தறிக்காரர்_மகன்:
வணக்கம். வரும் மார்ச்சில் அப்பாவுக்கு முதல் திதி. தறி ஓட்டித்தான் எங்களைப் படிக்கவைத்தார். ஒவ்வொரு ஜூனிலும் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டு டஜன் நோட்டு வாங்கி, பழைய காலண்டர் தாளில் அவரே அட்டை போட்டுக் கொடுப்பார், கையில் காசு இல்லாத வருஷத்திலும் அது நின்றதில்லை. அவர் நினைவாக, நெசவாளர் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஓர் அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் கொடுக்க நினைக்கிறேன். திதியன்று நேரில் போய்க் கையில் கொடுக்க ஆசை.

சம்பளம் வருஷத்துக்கு 14 லட்சம். சொந்த வீடு, கடன் இல்லை. பிஎஃப், எல்ஐசி சேர்த்து, சேமிப்புக்கு வரிக்கழிவு தரும் 80சி பிரிவின் 1.5 லட்சமும் நிரம்பிவிடும். ஆபீஸில் புதிய வருமான வரி முறையில் வரி பிடிக்கிறார்கள். நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவில் போட்டால் கொடுத்ததில் பாதி திரும்பி வரும் என்கிறார் நண்பர். அப்படியா? மிஞ்சுவதையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்றுதான் கேட்கிறேன்.

கணக்கர்_திண்டுக்கல்:
பாதி திரும்பாது தம்பி. நிறைய பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு 50 சதவீதக் கழிவுதான், அதுவும் வரியிலிருந்து இல்லை, வருமானத்திலிருந்து. ஒரு லட்சம் கொடுத்தால் வருமானத்தில் 50,000 குறையும். நீங்கள் 30 சதவீத வரிப் படியில் இருந்தால், வரி மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து மிஞ்சுவது 15,600 ரூபாய். பிரதமர் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி போன்றவற்றுக்கு 100 சதவீதம் கழியும், அங்கே 31,200.

ஆனால் வருமான வரியில் இரண்டு முறை உண்டு, கழிவுகள் நிறைய உள்ள பழையது, விகிதம் குறைவான புதியது. இதெல்லாம் பழைய முறைக்கு மட்டும். புதிய முறையில் 80ஜி கிடையவே கிடையாது. சரி, பழையதற்கு மாறிவிடலாமே என்று தோன்றும், அதற்கு முன் 2025-26 கணக்கைப் பாருங்கள். புதிய முறையில், சம்பளக்காரர்களுக்குத் தானாகவே கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக 13.25 லட்சம், வரி 81,900. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், நன்கொடைக்கு 50,000 எல்லாம் கழித்தால் 11.5 லட்சம், வரி 1,63,800. நன்கொடையைக் காட்டிய பிறகும் இரண்டு மடங்கு! 80ஜி-க்காக மாறவே மாறாதீர்கள்.

அக்கா_ஈரோடு:
கணக்கர் சொன்னது சரி. பழைய முறையில் இருக்கிறவர்களுக்காக என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் இல்லத்துக்கு 40,000 அனுப்பினேன். அழகாக ரசீது கொடுத்தார்கள், பான் நம்பர், 80ஜி பதிவு எண் எல்லாம் அதில் இருந்தது. ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் ஃபார்ம் 10பிஇ என்ற நன்கொடைச் சான்று வேண்டும் என்கிறார் ஆடிட்டர். நன்கொடை வாங்கியவர்கள் வருஷக் கணக்கை மே 31-க்குள் வருமான வரித் துறையில் ஏற்றினால்தான் அந்தச் சான்று வரும், அவர்கள் ஏற்றவே இல்லை. நாலு தடவை போன் செய்தும் பலனில்லை, கழிவு போனது போனதுதான். பணம் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது, அதில் வருத்தமில்லை. ஆனால் இப்போதெல்லாம் கொடுக்கும் முன்பே "போன வருஷம் 10பிஇ கொடுத்தீர்களா, ஒன்று காட்டுங்கள்" என்று கேட்டுவிடுகிறேன்.

அப்புறம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி மூட்டை, துணி, புத்தகமாகக் கொடுத்தாலும் இல்லை.

கணக்கர்_திண்டுக்கல்:
ஆமாம் அக்கா, முக்கியமான விஷயம். இன்னொரு வரம்பும் உண்டு: சாதாரண அறக்கட்டளைக்கு எவ்வளவு கொடுத்தாலும், மற்ற கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 10 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள், அதில் பாதிதான் கழியும். வருமானம் 6 லட்சம் என்றால் 60,000 வரைதான். மீதியை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது, ஆகையால் பெரிய தொகையை மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்துக் கொடுக்கலாம். ஒரு லட்சத்துக்கு ரசீது தருகிறேன், 95,000 திருப்பித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது தர்மமே இல்லை, நோட்டீஸ் வந்தால் வட்டியும் அபராதமும் நம் தலையில்.

தம்பிக்கு ஒன்று: புதிய முறையில் கழிவே இல்லை என்பதால் அறக்கட்டளை வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் கல்லூரிக்கே நேரடியாகக் கட்டணம் கட்டிவிடலாம், வரியில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் வராது.

தறிக்காரர்_மகன்:
ரொம்ப நன்றி. பழைய முறைக்கு மாறுவதாகவே இருந்தேன், 82,000 தப்பியது. எங்கள் தெருவிலேயே ஒரு பெண் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கூடத்தில் தறி ஓட்டியவர்கள். அவளுடைய கட்டணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டிவிடுகிறேன், மீதி அறக்கட்டளைக்கு வங்கி வழியாக. திதியன்று அங்கே நேரில் போவேன், பணத்தை முதல் நாளே அனுப்பிவிடுவேன். ஜூனில் நோட்டும் வாங்க வேண்டும், வீட்டில் காலண்டர் தாள் சேர்த்து வைத்திருக்கிறோம்.