உபுண்டு 18.04 கணினியில் எக்ஸ்ஃபேட் மெமரி கார்டு திறக்கவில்லை

கரிசல்:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் பழைய கணினியில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பாடும் நடவுப் பாட்டுகளைக் கேமராவில் பதிந்து அதில் சேமிக்க விரும்புகிறோம். கேமராவின் 128 ஜிபி கார்டைச் செருகினால், எக்ஸ்ஃபேட் (exFAT) என்பது தனக்குத் தெரியாத கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கு) என்ற பிழைச்செய்தி வருகிறது. விண்டோஸில் அதே கார்டு திறக்கிறது. ஃபேட்32 முறைமையில் ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

முனையம்:
தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள். பதிவுகளை இழக்க நேரிடும். மேலும், ஃபேட்32 முறைமையில் ஒரு கோப்பு 4 ஜிபி அளவைத் தாண்ட முடியாது என்பதால் நீண்ட வீடியோக்களுக்கு அது பொருந்தாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வருவது வழக்கமே. உங்கள் கார்டில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை 2019 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. அதன் பிறகே லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பில், எக்ஸ்ஃபேட்டைக் கையாளும் முதல் டிரைவர் சேர்ந்தது. 2020-இல் வந்த 5.7-இல் சாம்சங் எழுதிய மேம்பட்ட டிரைவர் அதன் இடத்தைப் பிடித்தது. உபுண்டு 18.04 வெளிவந்தபோது அதனுடன் இருந்ததோ கெர்னல் 4.15. ஆகவே, கெர்னலுக்கு வெளியே இயங்கும் எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் (exfat-fuse), அதன் துணைக்கருவிகளான எக்ஸ்ஃபேட்-யூடில்ஸ் (exfat-utils) ஆகிய இரு தொகுப்புகளையும் ஏபிடி (apt) என்ற நிறுவல் கட்டளை வழியாக நிறுவுங்கள். அவை கிடைக்கவில்லை என்றால், மென்பொருள் மூலங்களில் யுனிவர்ஸ் களஞ்சியத்தை இயக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. கார்டை எடுத்துவிட்டு மறுபடி செருகினால் போதும்.

கரிசல்:
மிக்க நன்றி, கார்டு திறக்கிறது. ஆனால் டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) கொடுத்து நானே கார்டை மவுண்ட் செய்தால் (கணினியில் இணைத்துத் திறந்தால்), என் கணக்கிலிருந்து எதையும் எழுத முடிவதில்லை. உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் (chown) கட்டளையும் பயன் தரவில்லை.

வரப்பு:
கோப்பின் உரிமையாளர் யார் என்பதைக் குறித்துவைக்க எக்ஸ்ஃபேட்டில் இடமே இல்லை. அதனால்தான் சிஹெச்ஓன் பலிக்கவில்லை. மவுண்ட் செய்யும் நேரத்தில் உரிமையாளர் யாரென்று சொல்லிவிட வேண்டும்: மவுண்ட் கட்டளையின் விருப்பங்களில் யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டுக்கும் உங்கள் கணக்கின் எண்களைக் கொடுங்கள். உபுண்டுவில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்குப் பெரும்பாலும் இரண்டும் 1000 ஆக இருக்கும்; ஐடி (id) கட்டளை உறுதியாகக் காட்டிவிடும். கோப்பு மேலாளரில் சொடுக்கித் திறந்தால் இந்த வேலை தானாகவே நடந்துவிடும் என்பதால், நூலகத்தில் மற்றவர்களுக்கு அந்த வழியையே பழக்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் இருப்பது போல, செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் வசதி எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினால் கோப்பு அட்டவணையே சிதையக்கூடும். அன்மவுண்ட் செய்த பின்னரே எடுக்க வேண்டும். பாட்டுகளைக் கணினியின் எக்ஸ்ட்4 வட்டில் ஒரு படியும் வேறொரு வட்டில் இன்னொரு படியும் வைத்து, இரண்டும் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே கார்டைக் காலி செய்யுங்கள். அப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்வதுதான் நல்லது.