ஆறு மணிக்கு ஏறிய கோடு

அளவெடுப்பில் ஏமாந்த கதைகளை ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், புவிகாந்தத்தில் நாங்கள் ஏமாந்த கதையையும் போட்டு வைக்கிறேன். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தபோது நாங்கள் மூன்று பேர் புவிகாந்தத்தை, அதாவது பூமியின் காந்தப் புலத்தை, ப்ராஜெக்ட்டாக எடுத்தோம். ஆர்வமெல்லாம் இல்லை, கருவி வாங்கக் காசு தேவைப்படாத தலைப்பு, அவ்வளவுதான். திருநெல்வேலியிலும் மும்பை பக்கத்து அலிபாக்கிலும் உள்ள ஆய்வகங்கள் மணிக்கு மணி எடுத்த காந்தப் புல அளவுகளில் அமைதியான நாட்களாகப் பார்த்து எடுத்து, நள்ளிரவு அளவைக் கழித்துவிட்டு எக்ஸெலில் கோடு போட்டோம்.

அலிபாக்கில் சின்ன மேடு. திருநெல்வேலியிலோ எங்கேயோ ஏறி நிற்கிறது, ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) உள்ள இடத்தில் நூறு சொச்சம் கூடுதல். அதுவும் 6 மணிக்கு! வெயிலே ஏறாத நேரத்தில் எது வந்து தூக்கும்? பக்கத்தில் லாரி ஏதும் போயிருக்கும் என்றான் ஒருவன், கருவிக் கோளாறு என்றேன் நான். அந்த நேரத்து எண்களையெல்லாம் அழித்து 'சுத்தமாக்கினோம்' வேறு (எழுதவே கூச்சமாக இருக்கிறது).

சார் தாளைப் பார்த்துவிட்டு, "மக்களே, இது எந்த ஊரு ஆறு மணி?" என்றார்.

அளவுகளில் இருந்தது உலக நேரம் (UTC). நம் நேரத்துக்கு ஐந்தரையைக் கூட்டினால் பகல் பதினொன்றரை. நம் தலைக்கு மேலே 100 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், அயனியான காற்றில் பகலெல்லாம் கிழக்கு நோக்கி மின்னோட்டம் பாய்கிறது, காந்த நடுக்கோட்டை (காந்த ஊசி சரியாமல் கிடையாக நிற்கும் இடங்களைச் சேர்க்கும் கோடு) ஒட்டிய ஒடுங்கிய பட்டையில்தான் அதற்கு அத்தனை வலு. நெல்லையும் குமரியும் பட்டைக்குள், அலிபாக் வெளியே. அதனால் நெல்லை அளவிலிருந்து அலிபாக் அளவைக் கழித்தால் பொதுவான ஏற்ற இறக்கம் போய் அந்த ஓட்டத்தின் பங்கு மிஞ்சும். நாங்கள் அழித்தது அதைத்தான்.

அப்புறம் ஒரு நாள் மட்டும் பிற்பகலில் கோடு நள்ளிரவு அளவுக்கும் கீழே இறங்கியது. ஓட்டம் மேற்காகத் திரும்பும் நாட்களும் உண்டாம். இந்த முறை யாரும் கை வைக்கவில்லை.

—

தம்பி, உங்கள் கதையைப் படித்தேன். நான் மார்த்தாண்டம் பக்கம் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். புத்தகப் படத்தில் டிப் சர்க்கிள் (காந்தப் புலம் கீழ்நோக்கி எவ்வளவு சரிகிறது என்று காட்டும் கருவி) ஊசி நன்றாகச் சரிந்து நிற்கும், நம்மூரில் ஏறக்குறைய படுத்தே கிடக்கும். "சார், துருப் பிடிச்சுட்டு" என்றாள் ஒரு பிள்ளை. காந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதால்தான் என்று சொல்லி, 1855-இல் திருவிதாங்கூர் அரசின் ஆய்வக இயக்குநர் ஜான் ஆலன் ப்ரௌன் அகத்தியமலை உச்சியில் காந்த ஆய்வகம் கட்டிய கதையையும் சொன்னேன். அன்றைக்கு நம்ம ஊரும் திருவிதாங்கூர்தானே. பிள்ளைகளுக்கு ஊசியை விட, பெட்டி பெட்டியாகக் கருவியை மலைக்கு எப்படி ஏற்றினார்கள் என்பதில்தான் கேள்வி.

உங்கள் அந்த எக்ஸெல் ஃபைல் இருந்தால் அனுப்புங்கள். நேரத்தை மாற்றாத பழசும் வேண்டும்.